4017-ஆம் நம்பர் பல்பொடி

"அண்ணே, நம்ம நம்பரை ஒருத்தி திருடிட்டாண்ணே!"

சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தான் மலையாண்டி. நல்லகாமன் பல்பொடிக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய்ச் சரக்குப் போடுகிறவன்.

முதலாளி நல்லகாமன் நிமிர்ந்தார். "எந்த நம்பரை?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? 4017! நம்ம கம்பெனி பதிவு நம்பர்!"

பில்லிலும் லெட்டர் பேடிலும் போட்டால் போதும் என்று ஆடிட்டர் சொன்னதை நல்லகாமன் காதில் வாங்கியதே இல்லை. டப்பாவில் 4017. சைக்கிள் பெட்டியில் 4017. கடைகளுக்குக் கொடுக்கும் காலண்டரில் முருகன் காலடியில் 4017. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூடத் தன் பேருக்குக் கீழே போட்டுக்கொண்டவர்.

'நம்பர் இல்லாத பல்பொடியும் செங்கல் தூளும் ஒண்ணு.' இதுதான் கம்பெனி வாசகம். இதைச் சொல்லித்தான் மலையாண்டி விற்றான்.

"திருவாதவூர் யூனுஸ் பாய் கடைக்கு ரெங்கம்மா பல்பொடின்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. அவ பில்லுலயும் அதே நம்பர்! 'ரெண்டுல எவன்யா திருடன்?'னு பாய் என்னையக் கேக்குறாரு. 'அது தெரியுற வரைக்கும் உன் சரக்கு என் கடைக்குள்ள வரக்கூடாது'ன்னுட்டாரு. இம்புட்டு வருசமா அந்த ஊருல தலை நிமிந்து போனவண்ணே நான்!"

"சரி, விடு மாப்ள. சாப்பிட்டியா?"

"சாப்பாடா? போலீசுக்குப் போவோம்ணே!"

"யாரோ பொம்பளை. பொழச்சிட்டுப் போகட்டும்ப்பா."

மலையாண்டிக்கு நம்ப முடியவில்லை. ஒரு டப்பா நசுங்கினால் சம்பளத்தில் பிடிக்கிற மனுசனுக்குள் இப்படி ஒரு மனசா!

"நீங்க விட்டாலும் நான் விடலண்ணே. பில்லுல இருந்த விலாசத்தப் பாத்து வண்டியூருக்கே போயி அவகிட்ட நறுக்குன்னு கேட்டுட்டேன். 'நானே வந்து உங்க முதலாளியப் பாக்குறேன்'னுச்சு. இந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கும்."

நல்லகாமன் அவசரமாகச் சட்டையை மாட்டினார். "எனக்குப் பேங்குல ஒரு வேலை இருக்கு..."

அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. ஐம்பது வயசிருக்கும். கையில் ஒயர் கூடை. ரெங்கம்மாள்தான்.

போட்ட சட்டையோடு நின்ற நல்லகாமன், தன் நாற்காலியைத் துண்டால் துடைத்து அவளுக்கு நகர்த்திப் போட்டார். மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எங்க அண்ணன் தங்கமானவரு. அதனால பொழச்சே. திருட்டு நம்பருங்கிறதாலதானே பில்லு அடியில எறும்பு மாதிரி பொடியாப் போட்டிருக்கே?"

"அங்க இருந்தாப் போதும்னாங்க தம்பி." அவள் நல்லகாமன் பக்கம் திரும்பினாள். "என்ன நல்லகாமா, இந்தத் தம்பி இம்புட்டு வருத்தப்படுது. ஆபீசுல எழுதிக் குடுத்து நம்பரை ரத்துப் பண்ணிரவா?"

"ஐயையோ, வேணாம்க்கா!"

மலையாண்டி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கிட்டச் சைக்கிள்ல பல்பொடி போட்டவன்தான் உங்க அண்ணன்" என்றாள் ரெங்கம்மாள். "தனியாக் கம்பெனி வைக்கப் போனப்ப, 'எனக்கு நம்பர் வார வரைக்கும் உங்க நம்பரைப் போட்டுக்கிடுறேங்க்கா'ன்னான். வருசா வருசம் நான்தான் புதுப்பிச்சுக்கிட்டிருக்கேன். இவனுக்கு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. இவன் போனதும் ஆள் இல்லாம நான் வண்டியூரோட நின்னுட்டேன். இப்பத்தான் திருவாதவூரு வரைக்கும் வந்திருக்கேன்."

சுவர்க் காலண்டரில் செங்கல் தூள் வாசகம் காற்றில் படபடத்தது. நல்லகாமன் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யூனுஸ் பாய்கிட்ட ரெண்டும் ஒரே கம்பெனிதான்னு நான் சொல்லிக்கிறேன். நீ சரக்கை ஏத்து தம்பி."

கூடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு நீயும் தனியாக் கம்பெனி போட்டா, கூச்சப்படாம வா. அந்த நம்பர் இன்னொருத்தரையும் தாங்கும்."