இன்னொரு தடவை சொல்லு

"இன்னொரு தடவை சொல்லுப்பா. சார் கேக்கட்டும். முதல்ல இருந்து சொல்லு."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஆவலாகத் திரும்பி உட்கார்ந்தார். எதிரே, போரில் இறந்துபோன மகன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், மகனோடு படையில் இருந்த நண்பன். பக்கத்தில், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பள்ளி ஆசிரியர்.

மாதா மாதம் நடப்பதுதான். படையிலிருந்து விலகி வந்த பிறகு, அந்த நண்பனும் அவன் மனைவியும் மாதம் ஒருமுறை இங்கே சாப்பிட வருவார்கள். வராவிட்டால் தையல்காரர் விடமாட்டார். போன் மேல் போன் போட்டு வரவழைத்துவிடுவார். கதை கேட்க யாராவது ஒரு புது ஆளையும் பிடித்துவந்து உட்கார வைத்திருப்பார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"விடியறதுக்கு முன்னாடிங்க சார். ஒரு பாலத்தைத் தாண்டணும். நாங்கல்லாம் தயங்கி நின்னோம். அவன்தான் 'நான் போறேன்டா'ன்னு முதல் ஆளா நடந்தான். எதிரி ஒளிஞ்சிருந்தது எங்களுக்குத் தெரியல..."

"அப்ப நீ எங்கப்பா இருந்த?" தையல்காரர் பரிவோடு எடுத்துக்கொடுத்தார்.

"இந்தக் கரையிலதான்பா."

"ம். அப்புறம்?"

"குண்டு பட்டு விழுந்துட்டான். ஓடிப்போய் மடியில போட்டுக்கிட்டேன். 'அம்மா'ன்னான். அவ்வளவுதான்."

ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பிள்ளையப் பறிகொடுத்தாலும் இன்னொரு பிள்ளை கெடச்சிருக்காரு உங்களுக்கு" என்றார்.

அப்போதுதான் தையல்காரர் கையிலிருந்த பெரிய கத்தரிக்கோல் தரையில் விழுந்து கணீரென்றது. அடுத்த நொடி நாற்காலி காலியாக இருந்தது. அவன் துணி வெட்டும் மேஜைக்கு அடியில், தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஆசிரியர் பதறி எழுந்துவிட்டார்.

தையல்காரர் நிதானமாகக் குனிந்து அவனைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "ஒண்ணுமில்லப்பா, கத்தரிக்கோல்தான். கை தவறிடுச்சு. நீ உக்காரு."

தையல்காரரின் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டும் அவள் ஓடவில்லை. பழகிப்போயிருந்தது.

"அத்தை, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"இங்க வர்ற நாள் நெருங்கினாலே அவருக்குச் சோறு எறங்காது. வந்துட்டுப் போனா ஒரு வாரத்துக்குக் கண்ணை மூடமாட்டாரு. தாழ்ப்பாள் போட்ட கதவையே திரும்பத் திரும்ப இழுத்து இழுத்துப் பாப்பாரு. குழந்தை வீல்னு அழுதா மூலையில போய் ஒடுங்கிக்குவாரு. பழசையெல்லாம் கிளறாதீங்கன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிறாரு. மாமாகிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நீங்களாவது சொல்லுங்க அத்தை."

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன்மா."

கிளம்பும் நேரத்தில் தையல்காரர் ஒரு சட்டையை எடுத்துவந்தார். மகன் ஆசையாக வாங்கிய நீலச் சட்டை. அதைத் தோளில் பிரித்து, நண்பனின் அளவுக்குத் தைத்து வைத்திருந்தார்.

"இங்கேயே போட்டுக்கோப்பா. கண்ணாரப் பாக்கணும்."

பொத்தான்களை அவரே ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். "அச்சு அசல் என் பையனேதான்" என்று கன்னத்தைத் தட்டினார். அவன் தலை நிமிரவில்லை. அவன் மனைவிதான் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள். ஆசிரியரும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்தியதும் தையல்காரரின் மனைவி வெடித்துவிட்டாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா? நம்ம புள்ள மேல வச்ச பாசத்துல அடுத்தவன் புள்ளையச் சித்திரவதை பண்றீங்க! அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? இனிமே கூப்பிடாதீங்க. அந்தப் பிள்ளை நிம்மதியாத் தூங்கட்டும்."

தையல்காரர் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தார்.

"தூங்கிடக் கூடாதுன்னுதான் கூப்பிடுறேன்."

"என்ன பேசுறீங்க நீங்க?"

"உடம்பைக் கொண்டுவந்து எறக்கின அன்னிக்கே கூட வந்த ஆபீசர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு" என்றார் அவர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "பாலத்துல எதிரின்னு ஒருத்தனும் இல்ல. இருட்டுல ஆள் அடையாளம் தெரியாம, பயத்துல நம்ம புள்ளையச் சுட்டது இவன்தான்."