தாணு கேட்ட ஆரஞ்சு

“கட்டினவனுக்கு ஒரு சுளை குடுக்க மனசு வரலையே. இவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

நேற்று ஆசுபத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து செல்லபாய் புருஷனிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ உன் வாயை வச்சிக்கிட்டு சும்மா இரி,” என்றான் தங்கப்பன். ஆனால் குரலில் வலு இல்லை. அவனும்தானே பார்த்தான்!

சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ வருஷமாக அவனோடு அரிசி மூட்டை சுமந்தவர் தாணு. இப்போது ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடக்கிறார். வாய் கோணிவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை ஒன்றுதான் மிச்சம். அந்தக் கையைத் தூக்கி, இவர்கள் வாங்கிப்போன ஆரஞ்சுப் பையைக் காட்டி, “ம்… ம்…” என்று கேட்கிறார்.

பெண்டாட்டி மாடம்மாள் என்ன செய்தாள்? ஒன்றை எடுத்து, சாவகாசமாக உரித்து, நார் எடுத்து, தங்கப்பன் கையில் வைத்தாள்.

நோயாளிக்குக் கொண்டுபோனதைக் கொண்டுபோனவனுக்கே குடுப்பது எந்த ஊர் வழக்கமோ!

சாலைக் கடைத்தெருவில் மூட்டைச் சுமடு எடுக்கிறவன் பழப்பையோடு நடந்தால், “ஆருக்கு என்ன தீனம்?” என்றுதான் கேட்பார்கள். பழம் என்றால் நோயாளிக்கு. நல்லா இருக்கிறவனுக்குப் பரோட்டாவும் சால்னாவும் போதும். இன்றைக்கும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குக் கிளம்பி, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்குள் வழியெல்லாம் அதே கேள்விதான்.

“அண்ணே, நான் வந்திருக்கேன்,” என்று தங்கப்பன் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

தாணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இடது கை எழுந்தது. பையைக் காட்டியது.

மாடம்மாள் உரித்தாள். செல்லபாய் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது குடுப்பாளா?

“தின்னுங்க தம்பி.”

“எனக்கு வேண்டாம் மைனி. அண்ணனுக்குக் குடுங்க.”

“நீங்க தின்னுங்க.”

தாணுவின் கை இன்னும் வேகமாக ஆடியது. தொண்டையிலிருந்து என்னமோ ஒரு சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பன் கூசிக்கொண்டே ஒரு சுளையை வாயில் போட்டான்.

செல்லபாய்க்குப் பொறுக்கவில்லை.

“போதும் மைனி. கேக்கிறது அண்ணன், குடுக்கிறது ஆருக்கு? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு மனசு குத்தாதா?”

மாடம்மாள் கோபப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, செல்லபாயைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“மெள்ளப் பேசு பிள்ளே. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“அவரு தொண்டை செத்துப்போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தாலும் புரையேறி ஆளே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த டிரிப்பு மட்டும்தான். அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியாது.”

செல்லபாய்க்கு ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது.

“ஐயோ மைனி… அப்போ பாவம், ஆசைப்பட்டுல்லா கேக்குறாரு?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். மனசு கேக்காம ஒரு சுளையை உதட்டுல தொட்டாவது காட்டலாம்னு கொண்டுபோனேன். தட்டிவிட்டுட்டாரு.”

மாடம்மாள் வார்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போன வருஷம் யூனியன் ஆபீஸ்ல டாக்டர்மார் வந்து கேம்ப் போட்டாங்கல்லா? இவருக்கும் தங்கப்பன் தம்பிக்கும் ஒண்ணுபோல பிரஷர். தினமும் காய்கறி, பழம் சேக்கணும், உப்பைக் குறைக்கணும்னு எவ்வளவோ சொன்னாங்க. ‘பழம் தின்ன எனக்கென்ன தீனமா?’ன்னு இவரு சிரிச்சாரு. தம்பியும் சேர்ந்து சிரிச்சாரு. ரெண்டு பேரும் நேரே பரோட்டாக் கடைக்குப் போனாங்க.”

செல்லபாய் வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தங்கப்பன் மிச்சச் சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். தாணுவின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

“அவரு தனக்குக் கேக்கல பிள்ளே,” என்றாள் மாடம்மாள். “உன் மாப்பிள தின்னுறதைப் பார்த்தாத்தான் அந்தக் கை கீழ இறங்குது.”