ஒரு தடவைதான் கேட்டார்

“இன்னும் வேகமா ஓட்டு நூலா! அந்த ஜெர்மன்காரர் விமானம் ஏறிட்டா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது!” என்று அலறினார் தொழிற்சாலை மேலாளர் டெர்மட்.

அயர்லாந்தின் ஷானன் விமான நிலையச் சாலையில் கார் பறந்தது. ஓட்டிய நூலா, அதே தொழிற்சாலையின் தொழிற்சங்கத் தலைவி.

“முதலாளி தொழிற்சாலையை மூடப் போறாரா?”

“இல்ல.”

“ஆளைக் குறைக்கப் போறாரா?”

“அதுவும் இல்ல. சொன்னா என்னை நடுரோட்டுல இறக்கி விட்டுடுவே.”

“இங்க வேலை கிடைக்காம என் பொண்ணு ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டிட்டிருக்கா. நீ கண்ணாமூச்சி ஆடறே!”

விமான நிலைய வாசலில் ஜெர்மன் முதலாளி வோக்ட் பெட்டியோடு நின்றிருந்தார். டெர்மட் மூச்சிரைக்க ஓடினார்.

“சார், காலைல ஒண்ணு கேட்டீங்களே...”

“ஆமா. இங்கேயே புதுப் பிரிவு ஆரம்பிச்சு எண்பது பேருக்கு வேலை தரட்டுமான்னு கேட்டேன். ‘ஐயையோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்’னு சொல்லிட்டீங்க. சரின்னு கிளம்பிட்டேன்.”

பின்னாலேயே ஓடி வந்த நூலா டெர்மட்டைப் பிடித்துத் திருப்பினாள். “வேண்டாம்னா சொன்னே?”

“நம்ம அயர்லாந்துல முதல் தடவை கேட்டதும் யாராவது சரின்னு சொல்வாங்களா? டீயைக்கூட மூணாவது தடவை கேட்டாத்தானே வாங்குவோம்! இவர் ஒரு தடவையோட நிறுத்திட்டாரு!”

வோக்ட் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப மறுபடியும் கேக்கறேன். வேணுமா?”

“அட, உங்களுக்கு எதுக்கு...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த டெர்மட்டின் வாயை நூலா பொத்தினாள்.

“வேணும் சார்! என் பொண்ணுக்கு எண்பத்தொண்ணாவதா ஒண்ணு இருந்தா அதுவும் வேணும்!”