நல்ல கன்னம்

ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவை அரங்கில், வலக்கன்னம் நொறுங்கிய கொரின் மயக்க ஊசிக்குக் காத்துக் கிடக்கிறாள். தலைமாட்டுத் திரையில் அவளுடைய மண்டையோடு நீல வெளிச்சத்தில் மெல்லச் சுழல்கிறது. நல்ல கன்னத்தின் உருவத்தைக் கணினி கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டி உடைந்த பக்கத்தில் பொருத்திக் காட்டும். அதைப் பார்த்துத்தான் எலும்பை நிமிர்த்த வேண்டும். இளம் டாக்டர் டாம்சின் இடக்கன்னத்தைப் பெரிதாக்குகிறாள். அங்கேயும் கோணலாகக் கூடிய பழைய முறிவு. "இது எப்போ, கொரின்?" "அதுவும் படிக்கட்டுதான், டாக்டர்." வீங்கிய உதடு சிரிக்கப் பார்க்கிறது. "எங்க வீட்டுப் படிக்கட்டுக்கு என் மேல அவ்ளோ ஆசை." "அந்தப் படிக்கட்டுக்கு ஒரு பேர் இருக்குமே?" கொரின் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். டாம்சின் பல்லைக் கடிக்கிறாள். "பாத்துச் செய்ய நல்ல பக்கமே இல்லம்மா." "அப்போ என் மகளைப் பாத்துச் செய்யுங்க. அச்சு அசல் நான்தான்." "அவ எங்க?" கொரின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்ல. அவங்கப்பாகூட."