இல்லாத பிரேக்

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய அருளப்பன், வயிற்றில் பதினான்கு தையலோடு, மனைவி புஷ்பம் ஓட்டிய காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தார். வளைவுகளில் அவள் கியரைக் குறைத்தபோதெல்லாம் கார் வெட்டிக் குலுங்கியது. உடனே அவருடைய வலது கால் தானாக முன்னே போய், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்தது. மிதிக்கும்போது தையல் சுண்டி இழுத்தது.

“காலச் சும்மா வைங்க. அங்க பிரேக்கே கெடையாது.”

“எனக்குத் தெரியாதா? கால் கேக்க மாட்டேங்குது.”

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும், வெளியே நின்ற காரில் உட்கார்ந்து அவள் ஒன்றையே பழகியிருந்தாள். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, கிளட்சை மிதித்துக் கியரைக் குறைக்கும் நொடியில், அதே பாதத்தின் குதிகாலைத் திருப்பி ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. அது சரியாக விழுந்தால் கார் குலுங்காது.

நான்காவது வளைவில் குதிகால் வழுக்கியது. அவர் பல்லைக் கடித்தார். அவள் காரை ஓரங்கட்டி, செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு மறுபடி கிளம்பினாள். ஐந்தாவது வளைவில் என்ஜின் லேசாக உறுமியது. கியர் மாறியதே தெரியவில்லை. ஆறிலும் அப்படித்தான். ஏழில் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவருடைய வலது கால் பக்கவாட்டில் சரிந்து, சும்மா கிடந்தது. மெல்லிய குறட்டை கேட்டது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வீடு வந்தது. என்ஜின் நின்றால் அவர் விழித்துக்கொள்வார். அவள் வாசலைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போனாள்.