மேடே ஏறாத சைக்கிள்

"மேட்டுல ஓட்டுவியா, சமதளத்துல மட்டுமா?" என்று லோரெட்டா கேட்டாள்.

ஹார்லனுக்குச் சுருக்கென்றது. சைக்கிள் விற்கிறவளுக்கு எதற்கு இந்த விசாரணையெல்லாம்?

அவனுடைய பழைய பிக்கப் வண்டி என்ஜின் போய் வாசலில் கிடக்கிறது. மரம் அறுக்கும் ஆலைக்குத் தினமும் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். அதிலேயே அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டைக்கும் போக வேண்டும். மலைப்பாதையில் வனத்துறை கேட்டுக்கு அப்பால் மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள் போகலாம். போன வருஷம் வரை நடந்தே போய்க் கறியை முதுகில் சுமந்து இறக்கியவனுக்கு இப்போது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. ஒரு மான் கிடைத்துவிட்டால் பனிக்காலம் முழுக்க வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை. கிடைக்காவிட்டால், நாலு வாய்க்கு ஆலைச் சம்பளம் எந்த மூலைக்குக் காணும்?

இதை அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அந்த மொண்டானா ஊரில் எவனும் தான் வேட்டையாடும் இடத்தை வாய் தவறியும் வெளியே விடமாட்டான். பெண்டாட்டியிடமே "மலைப் பக்கம் போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புவான். ஹார்லன் அதில் ஒரு படி மேல்.

"சமதளம்தான். வீடு, ஆலை, வீடு" என்றான்.

"பாரம் ஏதாவது இழுப்பியா?"

"சாப்பாட்டு டப்பா."

லோரெட்டா பெருமூச்சு விட்டாள். "நாலு பக்கமும் மலை. ஆனா என்கிட்ட சைக்கிள் வாங்குற ஒருத்தன்கூட மேடு ஏறுறதில்ல. அதிசய ஊருப்பா இது."

அவன் கையிருப்புக்குத் தோதாக இரண்டு பழைய சைக்கிள்கள் இருந்தன. ஒன்று ஒல்லி டயர், டவுனுக்குள் ஓட்டுவது. மற்றது தடித்த டயர், டிஸ்க் பிரேக், செங்குத்து மேட்டிலும் ஏறும் கியர். விலை நூறு டாலர் கூடுதல். ஹார்லனின் கண் தடித்த டயரை விட்டு நகரவில்லை. சொன்ன பொய்க்கு அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

"இதையே எடுத்துக்கயேன். ஒல்லி வண்டி விலைக்கே தர்றேன்" என்றாள் லோரெட்டா.

அவன் உஷாரானான். சும்மாவா ஒருத்தி நூறு டாலரை விடுவாள்? இந்தா என்று கொடுத்துவிட்டு, அடுத்த வாயில் "எந்தக் கேட்டுப் பக்கம்?" என்று ஆரம்பிப்பாள். ஊர் பூராவும் வந்துபோகிற கடை வேறு.

"சமதளத்துக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய டயர்?" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு ஒல்லி வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் ஒரே பெருமை. என்கிட்டயா போட்டு வாங்கப் பார்க்கிறாள்!

வேட்டைக்காலம் தொடங்கிய முதல் நாள், மேடு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போனான். பின்னால் ஒரு சின்ன இழுவை வண்டி. மேலே அவனுடைய இடம். ஏழு வருஷத்துக்கு முன், ஆலை மூடிக் கிடந்தபோது, அவனே தேடிக் கண்டுபிடித்தது. அவன் காலடியைத் தவிர வேறு காலடியை அங்கே அவன் பார்த்ததே இல்லை. காலையிலேயே கொழுத்த கிடா மான் ஒன்று விழுந்தது. வெட்டி, பாதியை நிழலில் தொங்கவிட்டு, பாதியை இழுவையில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பாறையில் மோதி முன்சக்கரம் அப்பளமாகிவிட்டது. முழங்கால் அதைவிட மோசம்.

பொழுது சாய்ந்தால் ரத்த வாடைக்குக் கரடி வரும். குளிர்காலக் கறி அத்தனையும் அதற்குத்தான். யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இடம் தெரிந்துபோகும். கறி போனால் போகட்டும், இடம் போகக்கூடாது என்றுகூட ஒரு கணம் நினைத்தான், மகாபாவி. அப்புறம் பிள்ளைகள் முகம் ஞாபகம் வந்தது. நொண்டிக்கொண்டே உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்ததும் லோரெட்டாவுக்கே போன் போட்டான். கோபம் வேறு.

"நீங்க கொடுத்த வண்டி உடைஞ்சுபோச்சு."

"சமதளத்துலயா?"

"கொஞ்சம்... மேட்டுல. கேட்டுக்கு அப்பால, ஓடையைத் தாண்டி..."

"சரி, அங்கேயே இரு" என்று அவள் வைத்துவிட்டாள். பாதி வழிதான் சொல்லியிருந்தான். எப்படி வருவாள் என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆனால் வந்தாள். அந்தத் தடித்த டயர் சைக்கிளிலேயே நேராக வந்து நின்றாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. இரண்டு மூன்று நடையில் கறி முழுவதையும் இறக்கி, கேட்டருகே நிறுத்தியிருந்த தன் பிக்கப் வண்டியில் ஏற்றிவிட்டாள். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் இறங்கி வந்தான்.

அவனுக்கு வெட்கம்தான். ஆனாலும் வெட்கத்தைவிடக் கவலை பெரிதாக இருந்தது.

"லோரெட்டா, ஒண்ணு கேக்கணும். இந்த இடம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமேப்பா. இருபது வருஷம் நாங்க வேட்டையாடுன இடமாச்சே இது. ஆலை மூடிக் கிடந்த வருஷம், நீ கறியைச் சுமந்துக்கிட்டு இறங்குறதைப் பார்த்தார். 'நாம வேற மலை பார்த்துக்கலாம், அவன்கிட்ட மூச்சு விடாதே, தானே கண்டுபிடிச்சதா நெனச்சுக்கிட்டுப் போகட்டும்'னுட்டார்."