தூபக்கால் திருடன்

மூன்றாவது வெள்ளித் தூபக்காலும் காணாமல் போனதும் ஷர்பீனி கூடத்து மெத்தைகளை எல்லாம் புரட்டித் தேடினான்.

குவைத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான அபூ மிஷாரியின் வரவேற்புக் கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் காபி ஊற்றுகிறவன் அவன். பதினேழு கட்டடங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டில் திருட்டு என்றால் முதலில் யார் கழுத்தைப் பிடிப்பார்கள்? எகிப்திலிருந்து பிழைக்க வந்தவன் கழுத்தைத்தான். வேலை போனால் மகள் கல்யாணமும் போச்சு.

அவனுக்கோ விருந்தாளிகள் மேல்தான் சந்தேகம். மகனுக்கு வேலை, மச்சானுக்குச் சிபாரிசு என்று வருவார்கள். முதலாளியின் காதைக் கடிப்பார்கள். அவர் தலையாட்டிய மறு நிமிடம் கண் வாசல் பக்கம் போய்விடும். கடைசியில் அகில் புகை காட்டினால் தாடியில் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அதற்கு முன் எழுந்தால் வீட்டுக்காரருக்கு மரியாதைக் குறைவு. அவர்கள் போட்டு வருகிற மேலங்கிக்குள் தூபக்கால் என்ன, ஆட்டுக்குட்டியையே ஒளிக்கலாம்.

"ஹாஜி, சமையல்கட்டுல மண் தூபக்கால் ஒண்ணு இருக்கு. கொண்டு வரட்டுமா?" என்று முதலாளியிடம் கேட்டான்.

"மண்ணா? என் மானத்த வாங்கணும்னே கெளம்பியிருக்கியா? போய் கறிச்சோறு போடச் சொல்லு."

பெரிய மனிதரின் வீம்பு என்று நினைத்தபடி ஷர்பீனி சமையல்கட்டுக்குப் போனான்.

சாப்பாடு ஆயிற்று. புகை வராததால் யாரும் எழவில்லை. சீட்டுக்கட்டு வந்தது, பழைய கதைகள் வந்தன. அபூ மிஷாரி விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி காலமானபின் அவர் இப்படிச் சிரித்து ஷர்பீனி பார்த்ததில்லை. அவருக்கு மூன்று தூபக்கால் ஒரு பொருட்டா, இங்கே என் உயிர் அல்லவா போகிறது என்று எரிச்சலாக வந்தது.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி அபூ ஜர்ராஹ் சீட்டைக் கீழே வைத்தார். "வெளியாள் வேலையே இல்ல இது. ஷர்பீனி, காலைல என்கூட ஸ்டேஷனுக்கு வா. ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துடும்."

ஷர்பீனி அழுதேவிட்டான். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கரண்டி எடுத்திருப்பேனா ஹாஜி? நீங்களே சொல்லுங்க."

அபூ மிஷாரியின் முகம் செத்துவிட்டது. அவன் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அழாதடா. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றபடி அலமாரியைத் திறந்தார். மடித்த துணிகளுக்குப் பின்னால் மூன்று தூபக்கால்களும் பத்திரமாக இருந்தன.

ஷர்பீனிக்குப் போன உயிர் வந்தது. "கெடச்சிடுச்சுன்னு காட்டிட்டு வந்துடறேன் ஹாஜி," என்று ஒன்றைத் தூக்கினான்.

அபூ மிஷாரி வாசலை மறித்துக்கொண்டார்.

"உனக்குப் புண்ணியமாப் போகும், உள்ள வை. மணி ஒம்பதுதான் ஆகுது, இதப் பார்த்தா எல்லாரும் வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க."